பிரிக்காத ரோஸ் கட்டு

அத்தியாயம் ஆறு

ரத்தினசுடர் பயர் ஒர்க்ஸ் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்த பெத்தணனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காலையில் தின்ற புரோட்டா மேல் பழியில்லை. தலைக்கு மேலே பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு பிளக்ஸ் தொங்கியது. அதில் முதலாளி ரத்தினசாமி ஒரு கையைக் கம்ப்யூட்டர் மேலும் மறு கையைத் தன் நெஞ்சின் மேலும் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் பிடரிக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. ‘கந்தக பூமியின் கணினிச் சூரியனே!’ என்று கீழே சிவப்பு எழுத்து. போற்றியவர்கள் பெயர் எதுவும் இல்லை. பிளக்ஸ் அடித்த பிரஸ்ஸும் முதலாளியுடையதுதான் என்பதால், தேவைப்பட்டிருக்காது.

பிளக்ஸுக்கு நேர் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், ஏழாம் நம்பர் ரூமின் கூரை சிதறிக் கிடந்தது. ஆறு நாளாகியும் கருகல் வாடை போகவில்லை.

“அக்கா, சூரியன் ரொம்பக் கிட்டத்துல உதிச்சுட்டாரு போல. வாடை அடிக்குது பாருங்க.”

“வாயைப் பொத்திக்கிட்டு வாலே,” என்றாள் சண்முகத்தாய்.

சண்முகத்தாய்க்கு நாற்பத்தெட்டு வயது. விருதுநகரில் மாடிப்படி ஏறினால் இடது பக்கம் அவளுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், வலது பக்கம் அவளுடைய துப்பறியும் நிலையம். டைப்ரைட்டர்கள் ஒவ்வொன்றாய்ப் பழைய இரும்புக்குப் போனதும், அந்த மேஜைகளில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக அவளே புத்தகத்தை வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதப் படித்துக்கொண்டாள். பெத்தணன் மினி பஸ் கண்டக்டராக இருந்தவன். பயணிகளைக் கேலி செய்தே வேலையை இழந்து, அதே கேலிக்காகவே இவளிடம் வேலைக்குச் சேர்ந்தவன். எட்டு வருஷத்தில் வயது நாற்பது ஆகிவிட்டது, வாய் மட்டும் வளரவேயில்லை, அப்படியே இருந்தது.

இன்று காலை ஏழு மணிக்கு மாடிப்படி ஏறி வந்த வேலுத்தாய் உட்காரக்கூட இல்லை. எம். புதுப்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். நின்றபடியே சொன்னாள்:

“எம் புருசன் முனியராஜ் இருவது வருசமா போர்மேன் வேலை பாக்காருக்கா. சரக்கைத் தொட்டுப் பாத்தே எத்தனை மணி நேரம் காஞ்சிருக்குனு சொல்லிருவாரு. அன்னைக்கும் ஒம்பது மணி நேரந்தான் காஞ்சிருக்கு, பத்தாதுனு சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு. ஆபீசுல கம்ப்யூட்டரு ‘பாஸ்’னு அடிச்சுக் குடுத்துருச்சு. ‘இது சரியில்லையே’னு கேட்டதுக்கு, ‘கம்ப்யூட்டரை விட ஒனக்குத் தெரியுமாலே’னு வஞ்சிருக்காக. இவரும் வாயை மூடிக்கிட்டாரு. இப்ப அவரே பொய்க் கணக்கு அடிச்சதா முதலாளி போலீசுக்கு எழுதிக் குடுக்கப் போறாராம். இவரை ஸ்டேசன்ல உக்கார வெச்சிருக்காக. சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளி கையெழுத்துப் போட்டா, இன்னைக்கே ஜெயிலாம்.”

மருந்து அடைத்து ஒட்டிய பட்டாசுச் சரக்கு இருபத்து நாலு மணி நேரம் காய வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் மருந்து தானாகச் சூடேறும். அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஏழாம் ரூமில் அதுதான் நடந்தது. பேக்கிங் செய்துகொண்டிருந்த கதிரவன் உயிர் தப்பினான். மதுரை ஆஸ்பத்திரியில் அவன் இரண்டு கையையும் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

வேலுத்தாய் இப்போது ஆபீஸ் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே விட வாட்ச்மேன் மறுத்துவிட்டான். மணி மூன்றே கால்.

*

உள்ளே ஏ.சி. ஓடியது. தீபாவளிக்கு ஒன்பது நாளே இருந்ததால் மேஜை கொள்ளாமல் கிப்ட் பாக்ஸ்கள். ரத்தினசாமி சுழல் நாற்காலியில் அரை வட்டம் சுற்றி அவர்களைப் பார்த்தார். எதிரே இன்ஸ்பெக்டர் அய்யாதுரை முந்திரி கொறித்துக்கொண்டிருந்தார். சண்முகத்தாயைக் கண்டதும் முந்திரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார்.

“டீச்சர்! நீங்களா?”

“உக்காருங்க அய்யாதுரை. இப்பவாவது ரெண்டு கையாலயும் டைப் அடிக்கீகளா, இல்லை அதே ஒத்த விரல்தானா?”

சண்முகத்தாயிடம் படித்து, டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் அய்யாதுரை இரண்டு தடவை பெயிலானவர் என்பதைப் பெத்தணன் அறிவான். இன்ஸ்பெக்டரின் காது மடல் சிவந்ததைப் பார்த்து அவன் வயிறு கொஞ்சம் சமாதானமானது.

“அண்ணாச்சி,” என்று முதலாளி பக்கம் திரும்பினாள் சண்முகத்தாய். “முனியராஜ் குடும்பத்துக்காக வந்திருக்கேன். மறைக்கல. ஆனா அதுக்கு முன்னாடி ஒங்க கம்ப்யூட்டரை ஒரு தரம் பாக்கணும். இந்தச் சுத்து வட்டாரத்துலயே பட்டாசுக்குக் கம்ப்யூட்டர் வெச்ச மொத ஆளு நீங்கதானாமே?”

முதல் வாக்கியத்தில் சுருங்கிய முகம் கடைசி வாக்கியத்தில் பூரியாய் உப்பியது.

“வெம்பக்கோட்டை வரைக்கும் விசாரிச்சுப் பாருங்கம்மா. ஒருத்தன் கிட்டயும் கெடையாது. எல்லாம் எம் மக பிரீத்தி மூளை. கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறா. மொத வருசத்துலயே இந்த பைத்தான் புரோகிராமை எழுதிட்டா. மனுசன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டரு சொல்லுமா? எத்தனை மணி நேரம் காஞ்சதுனு அடிக்கணும். இருவத்து நாலோ அதுக்கு மேலயோ இருந்தா ‘பாஸ்’ சீட்டு. ஒரு மணி கொறஞ்சாலும் ‘பெயில்’. அம்புட்டுத்தான். அந்த முனியராஜ் இங்கன வந்து, தன் கையால இருவத்து நாலுனு பொய்யா அடிச்சிருக்கான். இல்லேன்னா பாஸ் சீட்டு எப்படிம்மா வரும்? தர்க்கம்! தர்க்கம்னு ஒண்ணு இருக்கில்ல?”

இருபது வருஷம் மருந்தைத் தொட்ட விரலை விட, இரண்டு வருஷம் கல்லூரிக் கேன்டீனில் சமோசா தொட்ட விரல் பெரிதாகிவிட்ட தர்க்கம் அது. பெத்தணன் எச்சிலை விழுங்கினான். துப்ப இடமில்லை, தரை முழுக்க கிரானைட்.

கம்ப்யூட்டர், அறையின் மூலையில் ஓர் அரசனைப் போல வீற்றிருந்தது. அதன் மந்திரி முத்துக்கிருஷ்ணன் பக்கத்தில் நின்றான். முதலாளியின் அக்கா மகன். சட்டைப் பையில் ‘கம்ப்யூட்டர் மேனேஜர்’ என்று பெயர்ப் பட்டை. மானிட்டர் நெற்றியில் பட்டையாய்ச் சந்தனம், நடுவில் குங்குமம். கீபோர்டிலும் கட்டைகளின் மேல் தனித்தனியே சந்தனப் பொட்டு.

“ஆயுத பூஜைக்கு வெச்சது,” என்றார் ரத்தினசாமி பெருமையாக. “நூத்தி நாலு கட்டை, நூத்தி நாலு பொட்டு. மாப்ளே ஈர்க்குச்சியால ஒவ்வொண்ணா உக்காந்து வெச்சான். பூஜைச் சந்தனத்தைத் தொடைக்கக் கூடாதும்மா. தானா உதிரணும்.”

“பதினோரு நாளாச்சு, இல்ல?”

“ஆமா.”

சண்முகத்தாய் குனிந்து கீபோர்டை மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தாள். பிறகு மேஜைக்கு அடியில் பார்த்தாள். முத்துக்கிருஷ்ணன் கால் வைத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு தாள் கட்டு கிடந்தது. ரோஸ் நிறம். மில் முத்திரையோடு மேலுறை பிரிக்காமல் இருந்தது. மேலே இரண்டு பாதத்தின் அழுக்குத் தடம்.

“இது என்ன, கம்ப்யூட்டர் மேனேஜரோட பாத பூஜைக்கா?” என்றான் பெத்தணன்.

“பெயில் சீட்டுக்கான தாள்,” என்றான் முத்துக்கிருஷ்ணன் முறைத்தபடி. “பாஸுக்கு வெள்ளை. பெயிலுக்கு ரோஸ். தூரத்துல இருந்தே தெரியணும்ல.”

“எத்தனை மாசமா இந்தக் கம்ப்யூட்டர் ஓடுது?”

“ஆடிப் பெருக்கன்னைக்கு ஆரம்பிச்சோம்.” முதலாளியே பதில் சொன்னார். “ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.”

“ரெண்டு மாசத்துல ஒரு பெயில்கூட இல்லையா?”

“அதான் நம்ம கம்பெனி!” ரத்தினசாமி நாற்காலியை முழு வட்டம் சுற்றினார். “நூத்துக்கு நூறு தேர்ச்சி!”

“நடுவுல மூணு நாள் விடாம மழை பெஞ்சுச்சே அண்ணாச்சி. எங்க வீட்டுல உள்பாவாடைகூடக் காயல. ஒங்க சரக்கு மட்டும் காஞ்சிருச்சோ?”

நாற்காலி நின்றது.

பெத்தணன் மெதுவாகச் சொன்னான்: “ஒரு பள்ளிக்கூடத்துல ஒருத்தன்கூட பெயிலாகலேன்னா ரெண்டே காரணம் சார். ஒண்ணு, எல்லாப் பயலும் மேதை. இல்லேன்னா வாத்தியாரு தூங்குதாரு.”

இன்ஸ்பெக்டர் அய்யாதுரை சிரிக்கப் பார்த்து, தன் லோயர் பரீட்சையை நினைத்து நிறுத்திக்கொண்டார்.

*

“ஆரம்ப விழா அன்னைக்கு யாரு மொத சீட்டு அடிச்சது?” என்று கேட்டாள் சண்முகத்தாய்.

“நாந்தான். முப்பதுனு அடிச்சேன். பாஸ்னு வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாக. போட்டோகூட இருக்கு.”

“பத்துனு அடிச்சுப் பாக்கலையா? பெயில்னு சரியா வருதானு?”

ரத்தினசாமி அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நல்ல நாளும் அதுவுமா, தேங்காய் ஒடச்சு, மொதலாளி கையால, பெயில்னு அடிச்சுப் பாப்பாகளாம்மா? அபசகுனம்ல?”

பெத்தணன் சுவரில் தொங்கிய அந்தப் போட்டோவைப் பார்த்தான். மாலை, பட்டு வேட்டி, கைதட்டும் கூட்டம், கூட்டத்தின் ஓரத்தில் விபத்துச் செய்தியோடு பேப்பரில் முகம் வந்த கதிரவன். அன்றைக்கு அவனும் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்.

“இப்ப அடிச்சுப் பாத்துருவோமே,” என்றாள் சண்முகத்தாய்.

முத்துக்கிருஷ்ணன் கீபோர்டை நோக்கிக் கை நீட்டினான்.

“தொடாதீக!”

டைப்ரைட்டிங் ஹாலில் நாற்பது பேரை ஒரே நேரத்தில் நிறுத்திய குரல் அது. இன்ஸ்பெக்டர்கூடக் கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்.

“அய்யாதுரை, நோட்டை எடுங்க. இந்தக் கீபோர்டை யாரும் தொடுறதுக்கு முன்னாடி பாத்து எழுதுங்க. சந்தனப் பொட்டு எந்தெந்தக் கட்டையில இருக்கு, எதுல இல்லை?”

இன்ஸ்பெக்டர் குனிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“எல்லாத்துலயும் இருக்கு டீச்சர்... இந்த என்டர் கட்டையில மட்டும் இல்லை. வழுவழுனு இருக்கு.”

“நம்பர் கட்டைக?”

“மேல் வரிசை பத்தும் இருக்கு. வலது பக்கம் தனியா இருக்கிறதுலயும் இருக்கு. வெடிப்பு விட்டுக் காஞ்சிருக்கு. யாரும் தொடல.”

“மௌசு முதுகுல?”

“சுத்தமா இல்லை.”

“அது சீட்டாட்டம் சார்,” என்றான் பெத்தணன். “கம்ப்யூட்டருல இருக்குமே, ஒண்டியா வெளயாடுறது. மேனேஜரு வேலை நேரத்துல ரொம்ப வேர்த்திருப்பாரு.”

சண்முகத்தாய் முதலாளியின் எதிரே போய் நின்றாள்.

“ஆயுத பூஜை முடிஞ்சு பதினோரு நாளு. விபத்து நடந்து ஆறு நாளு. முனியராஜ் இங்கன வந்து ரெண்டையும் நாலையும் தட்டுனதா நீங்க எழுதிக் குடுக்கப் போறீக. தட்டியிருந்தா அந்த ரெண்டு கட்டையிலயும் பொட்டு இருக்காதே? முனியராஜ் மட்டுமில்ல, பூஜைக்குப் பிறகு இந்தக் கீபோர்டுல ஒரு மனுசனும் ஒரு நம்பரும் தட்டல. ஆனா சீட்டு மட்டும் வந்துக்கிட்டே இருந்திருக்கு.”

ரத்தினசாமி எட்டிக் கீபோர்டைப் பார்த்தார்.

“அதெப்படி? நம்பர் தட்டாம...” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தட்டாமலே தட்டிப் பாருங்க. சும்மா என்டரை மட்டும்.”

அய்யாதுரை தன் புகழ்பெற்ற ஒற்றை விரலால் என்டரை அமுக்கினார். பிரிண்டர் நறநறவென்று பல்லைக் கடித்து ஒரு வெள்ளைச் சீட்டைத் துப்பியது. தேதி. நேரம். கீழே, கொட்டை எழுத்தில்: பாஸ்.

“எந்த நம்பரும் இல்லாமயா?”

“நம்பரு வேண்டாம், எழுத்தே போதும்,” என்றாள் சண்முகத்தாய். “பெத்தணா, ஒனக்குப் பிடிச்சது ஏதாவது அடி.”

பெத்தணன் யோசிக்கவில்லை. ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாய்த் தேடி ‘வடை’ என்று அடித்தான். பிரிண்டர் மறுபடி பல்லைக் கடித்தது. பாஸ்.

“வடை இருவத்து நாலு மணி நேரம் காஞ்சிருச்சு சார்,” என்று சீட்டைக் கிழித்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான். “லோடு ஏத்திரலாம்.”

*

திரையில் சண்முகத்தாய் பிரீத்தியின் புரோகிராமைத் திறந்தாள். பத்துப் பன்னிரண்டு வரிதான். அதில் இரண்டு வரியை விரலால் காட்டினாள்.

hours = raw_input("HOURS: ")
if hours >= 24:

“படிக்கிற பிள்ளைக எல்லாம் மொத வாரத்துல பண்ணுற தப்பு இது. எங்கிட்ட படிச்சதுகள்ல பாதிப்பேரு பண்ணியிருக்கு. கீபோர்டுல நாம ஒம்பதுனு தட்டுனா, கம்ப்யூட்டருக்குள்ள ஒம்பது போகாது. ஒம்பதோட படம் போகும். வெறும் எழுத்து. ‘வடை’ எப்படியோ அப்படி. அதைக் கணக்கு நம்பரா மாத்துனு நாமதான் ஒரு வார்த்தை சொல்லணும். int-னு மூணே எழுத்து. அது இங்க இல்லை.”

“சரி, மாத்தல. அப்போ எழுத்தையும் நம்பரையும் ஒப்பிட முடியாதுனு கம்ப்யூட்டரு கத்த வேண்டியதுதான டீச்சர்?” என்றார் அய்யாதுரை.

“கத்தாது. இந்த பைத்தானோட சுபாவம் அப்படி. எழுத்தையும் நம்பரையும் எதிரெதிரே நிறுத்துனா, வாயே தெறக்காம, எழுத்துதான் பெருசுனு தீர்ப்பு சொல்லிரும். எப்பவும். ஒம்பதுனு எழுதுனாலும் பெருசு, வடைனு எழுதுனாலும் பெருசு, ஒண்ணுமே எழுதாம வெத்துத் தாளைக் குடுத்தாலும் இருவத்து நாலை விடப் பெருசு.”

“நம்ம ஊர் மாதிரி,” என்றான் பெத்தணன். “உள்ள என்ன இருக்குனு பாக்க மாட்டாக. பிளக்ஸுல எழுத்து பெருசா இருந்தாச் சரி.”

ரத்தினசாமி எழுந்துவிட்டார். இதுவரை உப்பியிருந்த பூரியில் யாரோ விரலை விட்டதுபோல முகம் தொய்ந்தது. ஆனால் முப்பது வருஷம் வியாபாரம் செய்தவர். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி திறக்கத் தெரியும். அவர் கை மெல்ல உயர்ந்து முத்துக்கிருஷ்ணனைச் சுட்டியது.

“அடப்பாவி! நம்பரே தட்டாம வெறும் என்டரைத் தட்டியாலே சீட்டு குடுத்த? சொந்த அக்கா மகன்னு நம்புனேனே! இன்ஸ்பெக்டர், எழுதிக்குங்க. முனியராஜ் மேல எனக்கு எந்தக் குத்தமும் இல்லை. இந்தா நிக்கிறான் பாருங்க, இவன்தான்.”

ஆறு நாளாய் ஒருவன் கழுத்தில் கிடந்த கயிற்றை எடுத்து இன்னொருவன் கழுத்தில் போட அவருக்கு ஆறு விநாடி போதுமாயிருந்தது. கயிறு மட்டும் கீழே விழவில்லை.

முத்துக்கிருஷ்ணன் கை சட்டைப் பையிலிருந்த பெயர்ப் பட்டையைத் தொட்டது.

இன்ஸ்பெக்டர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். “அப்போ முடிஞ்சுது. சின்னப் பிள்ளை எழுதுன புரோகிராமுல அறியாத தப்பு. அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆபரேட்டர் அசட்டை...”

“அவருக்குத் தெரியாதுனு யாரு சொன்னது?” என்றாள் சண்முகத்தாய்.

அவள் பார்வை கம்ப்யூட்டரை விட்டுப் போய்விட்டிருந்தது. நாற்காலிக்குப் பின்னால் சுவர் அலமாரியில் சரஸ்வதி படம். காலடியில் இரண்டு கணக்கு நோட்டு, காய்ந்த செவ்வந்தி, அதன் மேல் கறுப்பாய் ஒரு பிளாப்பி டிஸ்க்.

“அண்ணாச்சி, சாமி காலடியில இருக்கிற அந்தப் பிளாப்பி யாரோடது?”

“அதுவா?” கை தானாக நெஞ்சுக்குப் போனது, பழக்க தோஷம். “எம் மக புதுசா எழுதி அனுப்புன புரோகிராம். தீபாவளி முடிஞ்சு நல்ல நேரம் பாத்து ஏத்தணும்னு...” பாதியில் நாக்கு நின்றது. கை நெஞ்சிலிருந்து இறங்கியது.

“எப்ப வந்துச்சு?”

“நேத்து... நேத்துக் கூரியர்ல.”

சண்முகத்தாய் எக்கி பிளாப்பியை விளிம்பில் பிடித்து எடுத்தாள். இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். லேபிளின் நடுவில், ஈர்க்குச்சி முனை அளவில், வெடிப்பு விட்டுக் காய்ந்த ஒரு சந்தனப் பொட்டு.

“நூத்தி நாலு கட்டை, நூத்தி நாலு பொட்டுனீக. நூத்தி அஞ்சாவது இங்கன இருக்கு. அதே சந்தனம், அதே குச்சி, அதே வெடிப்பு. நேத்து வந்த பிளாப்பிக்குப் பதினோரு நாளைக்கு முந்தி எப்படி அண்ணாச்சி பொட்டு வெச்சீக?”

பொட்டுக்குக் கீழே பச்சை மையில், பெண் பிள்ளை கையெழுத்தில், இரண்டு வரி இருந்தது. இன்ஸ்பெக்டர் சத்தமாகப் படித்தார்: “அப்பா, பழையதுல பெரிய தப்பு இருக்கு. இதை மாத்துற வரைக்கும் கம்ப்யூட்டர் சீட்டை நம்பி எதையும் அனுப்பாதீங்க. பிரீத்தி.”

“டெக்னிக்கல் விசயம்,” என்றார் ரத்தினசாமி. “எனக்கு இங்கிலீசு...”

“தமிழ்லதான் எழுதியிருக்கு,” என்றான் பெத்தணன்.

அப்போதுதான் முத்துக்கிருஷ்ணன் பெயர்ப் பட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தான்.

“நான் சொல்லுதேன் சார். பூஜைக்கு நாலு நாளைக்கு முந்தியே வந்துருச்சு. அன்னைக்கே ஏத்தி ஓட்டிப் பாத்தோம். காலையில மட்டும் பதினோரு ரூம் பெயிலு. ரோஸ் தாளை எடுக்கப் போனேன். இவரு தடுத்துட்டாரு. ‘சீசன் நேரத்துல பதினோரு ரூமை நிப்பாட்டுனா லோடு எப்படிலே போகும்? பழசையே போடு. இதைச் சாமி காலடியில வையி, தீபாவளி முடியட்டும்’னாரு. அதுக்குப் பெறகு நம்பரைத் தட்டி என்ன, தட்டாம என்னனு நானும் விட்டுட்டேன். நான் யோக்கியன் இல்லை சார். ஆனா...”

“ஏலே! உப்பு போட்டுத்தானடா...”

“ஒங்க உப்பு எனக்குத் தெரியும் மாமா. அதான் இதைப் பத்திரமா வெச்சிருந்தேன்.”

பர்ஸிலிருந்து நான்காய் மடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். பென்சில் எழுத்து: ‘ரூம் 7. காஞ்சது 9 மணி நேரம். பத்தாது. நாளைக்கு எடுக்கலாம். முனியராஜ்.’

இன்ஸ்பெக்டர் அய்யாதுரை சட்டைப் பையிலிருந்த முந்திரியை ஒவ்வொன்றாய் எடுத்து மேஜைமேல் திரும்ப வைத்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். மணி நாலடிக்க ஏழு நிமிஷம்.

“கையெழுத்து வாங்கத்தான் வந்தேன் அண்ணாச்சி. வாங்காமப் போக மாட்டேன். ஆனா தாள் வேற.”

*

பிளாப்பியில் இருந்ததையும் ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். சண்முகத்தாய் அதை உள்ளே செலுத்தினாள். அந்தப் பழைய வரியில் int என்ற மூன்று எழுத்து புதிதாகச் சேர்ந்திருந்தது, இரண்டு அடைப்புக் குறியோடு. வேறு எந்த மாற்றமும் இல்லை.

“பெத்தணா, அந்தக் கட்டைப் பிரி.”

பெத்தணன் மேஜைக்கு அடியில் புகுந்து, பாதத் தடங்களைச் சட்டையால் துடைத்து, ரோஸ் கட்டின் மேலுறையைக் கிழித்தான். புதுத் தாளின் வாசம் வந்தது. ஒரு தாளை பிரிண்டரில் செருகினான்.

“வெளியே நிக்கிற பிள்ளையை உள்ள கூப்பிடு.”

வாட்ச்மேன் இப்போது மறுக்கவில்லை. போலீஸ் தொப்பி தலையில் ஏறியதைக் கண்ணாடி வழியே பார்த்திருப்பான். வேலுத்தாய் கிரானைட் தரையில் வெறுங்காலோடு வந்து நின்றாள். ஏ.சி. குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். முதலாளியை அவள் பார்க்கவில்லை.

“ஒங்க வீட்டுக்காரரு வந்துருவாரு,” என்றாள் சண்முகத்தாய். “ராத்திரிச் சாப்பாடு வீட்டுலதான்.”

வேலுத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

சண்முகத்தாய் ஒன்பது என்ற கட்டையை அமுக்கினாள். பதினோரு நாளாய் உட்கார்ந்திருந்த சந்தனம் பொடியாய் உதிர்ந்தது. பிறகு என்டர்.

பிரிண்டர் பல்லைக் கடித்தது. ரோஸ் சீட்டு வெளியே வந்தது. தேதி. நேரம். பெயில்.

வேலுத்தாய் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நிறம் தெரிந்தது.

“இதுதானாக்கா அது? அன்னைக்கு வந்திருக்க வேண்டியது?”

“இதுதான்.”

“இம்புட்டு நேரந்தானா ஆகும், இது வர?”

சண்முகத்தாய் பிளாப்பியை வெளியே எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். சீட்டு வர நான்கு விநாடி ஆகியிருந்தது. பெத்தணன் மனசுக்குள் எண்ணிவிட்டான்; கண்டக்டர் புத்தி.

வெளியே வரும்போது ரத்தினசாமி பின்னாலிருந்து கூப்பிட்டார். குரலில் இன்னும் முதலாளி மிச்சமிருந்தான். “தம்பி, அந்த கிப்ட் பாக்ஸை எடுத்துட்டுப் போங்க. தீபாவளிக்கு வந்தவுகள வெறுங்கையா அனுப்புனா நல்லாருக்காது.”

பெத்தணன் திரும்பினான். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு நையாண்டியும் வரவில்லை. தன் இரண்டு கையையும் தூக்கி, விரல்களை விரித்து, ஒரு நிமிஷம் பார்த்தான்.

“கதிரவன் வீட்டுல போய்க் குடுங்க,” என்றான். “வாங்கிக்கிடுதானானு பாப்போம்.”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, பிளக்ஸுக்கு நேர் கீழே நின்று, ஒரு மணி நேரமாக அடக்கி வைத்திருந்த எச்சிலை நன்றாகக் காறித் துப்பினான்.